கிங் சொன்ன வீடும் எங்கள் முற்றமும்

கார்ல் யோகான் வீதியில் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடங்களை எத்தனையோ தரம் கடந்து போயிருக்கிறோம். நடுவில் தூண்களோடு நிற்கும் கட்டடத்தின் பின்பக்கம் அவுலா என்ற மண்டபம் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த நகரத்தில் இருந்துவிட்டு, போன மாரியில்தான் முதன்முதலாக அதற்குள் போனேன். ஒரு இசைக் கச்சேரிக்கு என் பெறாமகள் கூட்டிக்கொண்டு போனாள். எட்வர்ட் முங்க் வரைந்த சூரியன் சுவர் முழுக்க எரிந்துகொண்டிருக்கிறது. வெளியே பிற்பகல் மூன்றரைக்கே இருட்டு. "சித்தப்பா, இஞ்சைதான் மார்ட்டின் லூதர் கிங் நோபல் பரிசு வாங்கினவர்" என்றாள். எனக்குத் தெரியாது. நோபல் என்றால் நகரமண்டபம் என்றே நினைத்திருந்தேன். நகரமண்டபத்துக்கு விழா மாறியது 1990இல்தான். அதற்கு முன் நாற்பது வருஷத்துக்கு மேலாக அவுலாவில்தான் நடந்திருக்கிறது.

அவள் பத்தாம் வகுப்பு. கிங்கைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும் என்று படங்கள் சேர்த்து வைத்திருந்தாள். ரயிலில் திரும்பும்போது கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள்: 1960 பெப்ரவரியில் கிறீன்ஸ்பரோ நகரத்துக் கடையொன்றின் உணவு மேடையில் கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கோப்பி கேட்டார்கள், கொடுக்கவில்லை, எழும்பாமல் இருந்தார்கள். "எங்கட ஆக்களிலையும் இப்பிடி ஆரும் இருந்தவையோ?" என்று கேட்டாள்.

செல்வநாயகம் என்றேன். 1956இல் காலிமுகத்திடல், 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசல் என்று சத்தியாக்கிரகக் கதைகளைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அது அரசாங்கத்தோடை. நான் கேக்கிறது எங்களுக்கை. எங்கட கடையிலை ஆரும் இருந்து தேத்தண்ணி குடிக்க ஏலாமல் இருந்தவையோ?"

"சீச்சீ, அப்பிடி ஒண்டும் பெரிசா இருக்கேல்லை" என்று சொல்லிவிட்டேன். றொம்மன் நிலையம் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரை அந்தப் பொய்யிலிருந்து வருகிறது.

வீட்டுக்கு வந்து கிங்கின் ஒஸ்லோ உரைகளைத் தேடி வாசித்தேன். இரண்டு உரைகள். 1964 டிசம்பர் 10ஆம் திகதி பரிசை ஏற்றுப் பேசியது ஒன்று. மறுநாள் அதே மண்டபத்தில் ஆற்றிய நீண்ட நோபல் உரை மற்றது. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. ஒக்டோபரில் செய்தி வந்தபோது களைத்துப்போய் அட்லாண்டாவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர். பரிசுப் பணம் ஐம்பத்துநாலாயிரம் டொலருக்குச் சற்று மேல். முழுவதையும் இயக்கத்துக்குக் கொடுத்தார். பாடசாலைகளில் எல்லாரும் படிப்பது இதற்கு முந்தைய வருஷம் வாஷிங்டனில் கனவைப் பற்றி அவர் பேசியதைத்தான். ஒஸ்லோ உரைகளை ஒஸ்லோப் பிள்ளைகளே அதிகம் வாசிப்பதில்லை. எனக்கு இவைதான் கூடிய கனமானவையாகப் படுகின்றன.

பரிசேற்புரையின் தொடக்கத்திலேயே அவர் ஒரு சங்கடத்தை மேசையில் வைக்கிறார். இன்னும் வெல்லாத, இன்னும் அடிவாங்கிக்கொண்டிருக்கும் ஒரு இயக்கத்துக்கு ஏன் சமாதானப் பரிசு என்று கேட்கிறார். பேர்மிங்ஹாமில் பிள்ளைகள் மேல் பீய்ச்சிய தண்ணீரையும் ஏவிய நாய்களையும், மிசிசிப்பியில் கொல்லப்பட்ட இளைஞர்களையும் ராஜா ஐந்தாம் ஓலாவ் முன்னிலையில் நினைவுபடுத்துகிறார். பிறகு ஒரு விமானத்தைப் பற்றிப் பேசுகிறார். பறப்பு நல்லபடி நடக்க விமானி மட்டும் போதாது. கீழே நின்று வேலை செய்யும், பெயர் தெரியாத ஆட்கள் வேண்டும். அவர்களுடைய பெயர்கள் பத்திரிகைத் தலைப்பில் ஒருநாளும் வராது என்கிறார். பரிசைத் தன்னுடையதாக எடுக்காமல், உரியவர்களுக்காகப் பத்திரப்படுத்தி வைக்கும் ஆள்போல வாங்கிக்கொள்கிறார்.

மேடை அடக்கமாக இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தப் பயணத்தில் கூட வந்தவர்களில் பேயார்ட் ரஸ்டினும் ஒருவர். வாஷிங்டன் பேரணியை ஒழுங்குபடுத்திய மூளை அவருடையது. தன்பாலீர்ப்பாளர் என்ற காரணத்தால் சொந்த இயக்கத்துக்குள்ளேயே பின்வரிசைக்குத் தள்ளப்பட்டவரும் அவர்தான். அவரை வைத்துக்கொண்டு விமானப் பேச்சை வாசித்தால் வேறொரு சூடு தெரிகிறது.

மறுநாள் உரையில் வருவது வீடு. ஒரு எழுத்தாளரின் குறிப்பேட்டில் எழுதாமல் விட்ட கதைக்கரு ஒன்று இருந்ததாம்: சிதறிப்போன ஒரு குடும்பத்துக்கு ஒரே வீடு முதுசமாகக் கிடைக்கிறது, எல்லாரும் அதற்குள் சேர்ந்து வாழ வேண்டும். கிங் அதை எடுத்து உலகத்துக்கே விரிக்கிறார். கறுப்பர், வெள்ளையர், கிழக்கர், மேற்கர், இந்து, முஸ்லிம் என்று வரிசை போகிறது. இனி ஒருவரை விட்டு ஒருவர் விலகிப்போக வழியில்லை, ஒரே கூரைதான் என்கிறார். நல்ல உவமை. ஆனால் முதல் தரம் வாசிக்கும்போதே எனக்கு ஒரு உறுத்தல் வந்தது. வீட்டைச் சொல்கிறார், அறைகளைச் சொல்லவில்லை. யார் விறாந்தையில், யார் குசினியில், யார் முற்றத்தோடு நிறுத்தப்படுவார் என்ற கேள்வி இந்த உவமையில் வராது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவனுக்கு வீடு என்றதும் முதலில் வரும் கேள்வி அதுதான்.

கிங்குக்கு அது தெரியாததல்ல. 1959இல் ஒரு மாதம் இந்தியாவில் சுற்றியவர். மதராஸ், காந்திகிராமம், திருவனந்தபுரம் என்று தெற்கும் பார்த்தவர். திருவனந்தபுரத்தில் தீண்டாமைக்கு ஆளான சமூகத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலைக்குப் போனபோது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று அதிபர் அவரை அறிமுகப்படுத்தியதாக, 1965 ஜூலை 4ஆம் திகதி அட்லாண்டாவில் தன் தேவாலயத்தில் அவரே சொல்லியிருக்கிறார். முதலில் திடுக்கிட்டாராம், கோபமும் வந்ததாம். பிறகு தன் மக்களின் நிலையை நினைத்துப் பார்த்து, ஓம், நானும் அதுதான் என்று ஒப்புக்கொண்டாராம். ஒஸ்லோவுக்கு வந்துபோய் ஏழு மாதத்தில் சொன்ன கதை. நோபல் பரிசை விட அந்த அதிபர் கொடுத்த பட்டம் அவரை ஆழமாகத் தொட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இனி எங்கள் பக்கம். கிறீன்ஸ்பரோவில் மாணவர்கள் இருந்த அதே பத்தாண்டில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் தேநீர்க்கடைகளுக்குள் போய் இருக்கும் போராட்டம் நடந்தது. சட்டம் முன்னமே இருந்தது: சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், 1957. கடையில் தேநீர் மறுப்பதும் கோயிலில் தடுப்பதும் குற்றம். கடைக்காரர் போத்தலிலோ தகரப்பேணியிலோ ஊற்றி வெளியே நீட்டினார். சட்டம் கொழும்பில் இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனது. பொலிஸ் அடித்தது, ஊர்வலம் நிற்கவில்லை. அடுத்த வருஷம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. சங்கானையில் உயிர்கள் போயின. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒருபக்கம் உள்ளே போக வந்தவர்கள், மறுபக்கம் மறித்து நின்றவர்கள். மறித்தவர்களுக்கு முன்னால் நின்றவர் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் மந்திரியாகவும் இருந்த சி. சுந்தரலிங்கம். அதே வருஷம் ஏப்ரல் 4ஆம் திகதி மெம்பிஸ் நகரத்தில் குப்பை அள்ளும் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கப் போன இடத்தில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கிங்கின் இயக்கம் அகிம்சையை விடாமல் பிடித்தது. எங்கள் தேநீர்க்கடைப் போராட்டத்தின் முன்னணியில் சண்முகதாசனின் சீனச்சார்புக் கம்யூனிஸ்டுகள் நின்றார்கள், அடித்தால் திருப்பி அடிப்போம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். இதை மறைத்துவிட்டு "எங்கள் கிங்" என்று யாருக்கும் மாலை போட்டால் அது இன்னொரு பொய். ஆயினும் கேட்டது ஒன்றுதான்: கடைக்குள் கதிரையில் இருந்து, எல்லாரும் குடிக்கும் கிளாசில் தேத்தண்ணி.

இந்தப் போராட்டத்துக்குள் நின்று எழுதியவர் கே. டானியல். வெகுஜன இயக்கத்துக்காக ஊர் ஊராக அலைந்தவர், அடிபட்டவர்களோடு இருந்தவர். 'பஞ்சமர்' நாவலின் முதல் பாகம் 1972இல் வந்தது. 1986 மார்ச்சில் தஞ்சாவூரில் இறந்து அங்கேயே அடக்கமானார். ஈழத்தின் ஒரு பெரிய எழுத்தாளர் புலம்பெயர்ந்த மண்ணில் கிடக்கிறார் என்பதை நாங்கள் நினைப்பதில்லை. தஞ்சாவூர் எங்களுக்குப் புலம்பெயர்ந்த மண்ணாகத் தெரிவதில்லை.

'பஞ்சமர்' குறையில்லாத நாவல் என்று சொல்ல மாட்டேன். இருபது வயதில் வாசித்தபோது சலிப்பு வந்தது. ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், யார் யாரென்று பிடிபடுவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடுகிறது. வெள்ளாளப் பாத்திரங்களில் பலர் ஒரே அச்சு. சில இடங்களில் ஆள் பேசுகிறாரா துண்டுப்பிரசுரம் பேசுகிறதா என்று சந்தேகம் வரும். கலைத்தன்மை போதாது என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு, நானும் அவர்களோடு சேர்ந்து தலையாட்டியவன்தான்.

இப்போது வாசித்தபோது அந்தக் கூட்டம்தான் என்னைப் பிடித்தது. ஐயாண்ணன் போன்ற ஒருவர் நடுவில் நின்றாலும், நாவல் அவரை ஏற்றி வைத்துவிட்டு மற்றவர்களை இறக்கிவிடுவதில்லை. கள்ளிறக்குபவர், துணி வெளுப்பவர், முடி வெட்டுபவர், பறை அடிப்பவர், அவர்களுடைய பெண்கள், பொல்லாத கிழவிகள் என்று எல்லாருக்கும் நாலு பக்கமாவது கிடைக்கிறது. கிங் அவுலாவில் நன்றி சொன்ன, பெயர் வராத ஆட்களுக்கு டானியல் பெயர் வைத்து, வாய் கொடுத்து, சண்டை பிடிக்கவும் விடுகிறார். ஒரு நாயகனைத் தேடி வாசிப்பவருக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். மொழியும் அப்படியே. அறுபதுகளின் தொடக்கத்தில் ஈழத்துப் பண்டிதர்கள் இவ்வகைப் பேச்சு எழுத்தில் வருவதை இழிசனர் வழக்கு என்று ஏசினார்கள். அந்த ஏச்சை வாங்கிக்கொண்டு, அந்த மொழியிலேயே பக்கம் பக்கமாக எழுதியது சின்ன விஷயமல்ல. ஊர்வலம் போன அதே 1966இல், இரண்டு மாதம் முந்தி, ஓகஸ்ட்டில் டொமினிக் ஜீவா தன் சலூனை வைத்துக்கொண்டு 'மல்லிகை' தொடங்கினார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் கிங்கின் வீட்டுக்கு நேரே நிறுத்தவேண்டிய படைப்பு 'பஞ்சமர்' அல்ல. அது என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்ற சிறுகதை. கிங்கை யாரென்று உலகம் அறியாத ஐம்பதுகளின் தொடக்கத்தில் எழுதியது. மேடையில் சமத்துவம் பேசுகிற பெரிய மனிதர் ஒருவர். அவரைத் தேடி ஒடுக்கப்பட்ட சாதி ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள். உள்ளே கூப்பிட்டு இருத்த முடியவில்லை. வெளிப்படையாகச் சொல்லவும் முடியவில்லை. நல்ல நிலவாய் இருக்கிறது, வெளியே இருந்து பேசுவோம் என்கிறார். அவ்வளவுதான் கதை. ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை, அடிக்கவில்லை. வந்தவர்களுக்கு விளங்கிவிடுகிறது, வாசிப்பவருக்கும் விளங்கிவிடுகிறது. கிங் ஒரு வீட்டையே உலகமாக்கினார். ரகுநாதன் ஒரு வாசற்படியை மட்டும் காட்டினார். எனக்கு இரண்டாவதுதான் பெரிய கலையாகத் தெரிகிறது. நல்ல மனிதர்கள் எப்படி மறிப்பார்கள் என்பது அதில் இருக்கிறது.

சுந்தரலிங்கத்தைக் கண்டிப்பது சுகம். அவர் கோயில் வாசலில் நின்று எல்லார் முன்னிலையிலும் மறித்தார். நாங்கள் நிலவைக் காட்டுகிற ஆட்கள். ஒஸ்லோ மாரியில் முற்றத்தில் இருந்து பேச ஏலாது, உறைந்துவிடும். அதனால் இங்கே எல்லாரும் வீட்டுக்குள் வருகிறார்கள், ஒரே மேசையில் ரோல்ஸும் கேக்கும் சாப்பிடுகிறார்கள். மறிப்பு தொலைபேசிக்குப் போய்விட்டது. கலியாணப் பேச்சு வந்தால் "ஊரிலை எந்தப் பக்கம்?" என்று கேட்கிறோம். ஊரைச் சொன்னால் குறிச்சியைக் கேட்கிறோம். குறிச்சியைச் சொன்னால் "கோயிலுக்குக் கிட்டவோ?" என்று கேட்கிறோம். சாதி என்ற சொல் ஒருதரமும் வருவதில்லை. குறூருட் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பக்கத்து அறையில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இது விளங்காது என்று நினைக்கிறோம்.

பழையதை ஏன் கிளறுவான், போராட்டத்தோடு சாதி போய்விட்டது, பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. பகிரங்கமாகச் செய்யமுடியாத காலம் ஒன்று வந்தது, அதனால் ஒரு தலைமுறைக்குச் சில அவமானங்கள் குறைந்தன. ஆனால் போனது சாதியா, பேச்சா என்று ஒரு கலியாணப் பேச்சிலே பார்த்துக்கொள்ளலாம். பேச்சு போனதால் போராடியவர்களின் பெயர்களும் சேர்ந்து போய்விட்டன. மாவிட்டபுர வாசலில் நின்றவர்களுக்கு நாங்கள் விளக்குக் கொளுத்தும் நாள் எது? எங்கள் நாட்காட்டியில் நினைவுநாட்களுக்குக் குறைவில்லை. 2007இல் பாரிஸில் தலித் மாநாடு கூடியபோது, ஒற்றுமையைக் குலைக்கிறார்கள் என்ற முணுமுணுப்பு இங்கேயும் கேட்டது. அலபாமா வெள்ளை மதகுருமாரும் கிங்கிடம் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்கள்: நேரம் சரியில்லை, கொஞ்சம் பொறுங்கள்.

நோர்வேக்காரரும் இதில் எங்களுக்குக் குறைந்தவர்களல்ல என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கிங்கைக் கௌரவித்த அதே தலைநகரத்தில், பொசன் காற்றாலைகளால் சாமி மக்களின் கலைமான் மேய்ச்சல் உரிமை மீறப்பட்டது என்று உச்சநீதிமன்றம் 2021 ஒக்டோபரில் தீர்ப்புச் சொல்லியும் ஐந்நூறு நாளாக ஒன்றும் நடக்கவில்லை. 2023 பெப்ரவரியில் சாமி இளைஞர்கள் எண்ணெய், எரிசக்தி அமைச்சுக்குள் போய் நிலத்தில் இருந்தார்கள். தூரத்து நியாயத்துக்குப் பரிசு கொடுப்பது எந்த நாட்டுக்கும் இலகு. என் பெறாமகள் தன் வகுப்புப் பேச்சில் இதையும் சேர்த்திருந்தாள். நோர்வேஜியரின் முற்றத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய சொந்த முற்றத்தைப் பற்றி நான்தான் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்து அண்ணர் வீட்டுக்குப் போனேன். 'நிலவிலே பேசுவோம்' கதையைக் கொண்டுபோயிருந்தேன். அவள் தமிழ் வாசிப்பாள், ஆனால் மெதுவாக. நான் சத்தமாக வாசித்தேன், இடையிடையே நோர்வேஜிய மொழியில் விளக்கம் சொன்னேன். அண்ணி குசினிக்குள் பாத்திரச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினா. அண்ணர் தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருந்தார், சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்.

கதை முடிந்ததும் அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்ப ஏன் அண்டைக்கு ரெயினிலை இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

வெட்கமாய் இருந்தது என்றேன்.

"ஆருக்கு? உங்களுக்கோ, அவைக்கோ?"

எனக்கு என்றேன். எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னேன். அப்பாச்சி வீட்டின் பின்பக்கத்து வீட்டிறப்பில் ஒரு சிரட்டை செருகியிருக்கும். வேலி அடைக்க, விறகு கொத்த, பனையோலை இறக்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி அதில்தான். குடித்துவிட்டு அவர்களே கழுவி, அவர்களே திரும்பச் செருகிவிட்டுப் போவார்கள். எனக்கு ஏழெட்டு வயது. ஒருநாள் அதை எடுத்து விளையாடினேன் என்று அப்பாச்சி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தலையில் தண்ணி வார்த்தா.

அண்ணர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார். "சிரட்டை இல்லையடா அது, பேணி" என்றார். "நீ சின்னன். சிரட்டை அதுக்கு முந்தி. பிறகு ஒரு தகரப்பேணி வைச்சவ. சீலனெண்டு ஒருத்தர் வாறவர், அவர் அதிலை குடிக்க மாட்டனெண்டு சொன்னவர். அதுக்குப் பிறகு அவர் வரேல்லை."

நாற்பது வருஷத்தில் இதை அவர் ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. பெறாமகள் தன் கொப்பியை எடுத்து அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்று தகப்பனிடம் கேட்டாள்.